மாமா வாங்கிய தவளை

என் அக்கா புருஷனுக்குத் தொழில் பல்செட் செய்வது. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, யாரோ ஒருவர் வாய்க்குப் பல் வரிசை கட்டிக் கொடுப்பார். ஆனால் ஊர் அவரைத் தேடி வந்தது பல்லுக்காக இல்லை, காருக்காக. கார் வாங்க ஆசைப்படுகிற எவரும் மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வங்கிக்குப் போவார்கள். அப்படிப்பட்டவரிடம் இருந்ததோ ஒரு பழைய ஸ்கூட்டர். அதற்கும் அவரிடம் நல்ல பெயர் கிடையாது.

"ஜெர்மன்காரன் வண்டி நல்லாத்தான் ஓடும். நின்னுபோச்சுன்னா வீட்டை வித்துட்டு மெக்கானிக்கைப் பாக்கணும். ஜப்பான்காரன் வண்டி நிக்கவே நிக்காது, ஆனா ஓட்டுறவனுக்குத் தூக்கம் வரும்" என்று ஆரம்பிப்பார். கையில் அரைகுறைப் பல்செட் ஒன்று அவரோடு சேர்ந்து ஆடும். "கூரை எதுக்குடா போடுறோம்? வெயிலுக்கு. அதுல ஒரு ஓட்டையைப் போட்டு, அந்த ஓட்டைக்குத் தனியா காசு வாங்குறான். நீயும் பல்லைக் காட்டிக்கிட்டுக் குடுக்குற. முன்னாடி விளக்கை மாத்திட்டா புது மாடலா? நான் மீசையை எடுத்துட்டு வந்தா உங்கக்கா புது மாப்பிள்ளைன்னு சொல்லுவாளா?"

வாய்ப்பேச்சு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பல்செட் மேலும் கீழும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்க்க ஒரு நீல மைத்தாள் உண்டு. மாமா அதைப் புதுக்கார் கதவின் இடுக்கில் வைத்துச் சாத்துவார். திறந்து, மை எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "கடி சரியில்ல" என்று அவர் சொன்னால் வியாபாரம் அத்தோடு படுத்துவிடும். படுத்த வியாபாரத்தில் பாதி என்னுடையது. நான் அதே ஊரில் கார் விற்கிறவன், என் தலையெழுத்து.

எங்கள் ஷோரூமில் விலை போகாத குட்டிக் கார் ஒன்று இருந்தது. அதன் விளக்குகளைப் பார்த்து மாமா அதற்குத் தவளை என்று பெயர் வைத்தார். கம்பெனி யோசித்து யோசித்து வைத்த பெயர் எங்கள் மேனேஜருக்கே மறந்துபோனது. "இந்த மாசத்துக்குள்ள ஒரு தவளையாவது வெளிய போகணும். இல்லேன்னா நீ வெளிய போ" என்றார்.

எப்படியோ ஒரு மளிகைக்கடைக்காரரை மடக்கிக் கொண்டுவந்தேன். அவருக்கு வண்டி பிடித்துவிட்டது. "எதுக்கும் உங்க மாமா ஒரு தடவை பாத்துடட்டுமே" என்றார். நான் நேரே அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

"மாமா, உங்க கால்ல விழறேன். நல்லாருக்குன்னு பொய் சொல்ல வேணாம். வாயை மட்டும் திறக்காதீங்க."

மாமா முடியாது என்றார். அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அவனுக்கு வேலை போச்சுன்னா இங்கதான் வந்து உக்காருவான். மூணு வேளையும்."

மாமா ஒப்புக்கொண்டார்.

வந்தார். காரைச் சுற்றி நடந்தார். உதட்டை இறுக்கிக்கொண்டதில் முகம் சிவந்தது. மைத்தாளை வைத்துச் சாத்தினார், திறந்து பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். நெற்றியில் வியர்வை வழிந்தது. மளிகைக்கடைக்காரர் வெலவெலத்துப் போனார்.

"ஜெர்மன்காரனையே கிழிகிழின்னு கிழிக்கிற மனுஷன். இதைப் பாத்து இவருக்குப் பேச்சே வரலேன்னா, உள்ள என்ன இருக்குமோ!" என்று என் காதில் சொல்லிவிட்டு அவர் போயே போய்விட்டார்.

மேனேஜர் என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். என்ன சொன்னார் என்பதை விடுங்கள். கண்ணாடிக்கு வெளியே நின்ற மாமா அவர் கை ஆடிய ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டாமலே உள்ளே வந்தார்.

"அந்தத் தவளையை நான் எடுத்துக்கறேன்" என்றார்.

குற்றம் குறை இல்லாத ஒரு கார் வரட்டும் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்து சேர்த்த பணம் அது. "வேணாம் மாமா" என்றேன். "கையெழுத்து எங்க போடணும்னு காட்டுடா" என்றார்.

மறுநாள் ஷோரூமைத் திறக்கும்போதே மளிகைக்கடைக்காரர் வாசலில் நின்றார். "நேத்து அவர் ஏன் பேசலேன்னு இப்பதான் புரியுது. தனக்கே அமுக்கிக்கப் பாத்திருக்காரு! எனக்கும் ஒண்ணு போடுங்க." அவருக்குப் பின்னால் அவருடைய சம்பந்தி. அவருக்குப் பின்னால் ஒரு தையல்கடைக்காரர். அந்த வாரமே தவளைக்கு முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதாயிற்று. மேனேஜர் என்னைத் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்தார்.

விஷயம் காதில் விழுந்ததும் மாமா அலறியடித்துக்கொண்டு வந்தார். "வாங்காதீங்க! கதவு சேரல. மேடு ஏறுறப்ப இருமுது. பின் சீட்டுல உக்காந்தா முட்டி காதுல இடிக்குது. என் மச்சானுக்காகத்தான் வாங்கினேன், சத்தியமா!"

மளிகைக்கடைக்காரர் சிரித்தார். "ஊர்ல எல்லாரும் வாங்கிட்டா உங்க வண்டிக்கு மவுசு போயிடும்னு பாக்குறீங்களா? நீங்க மட்டும் நல்லா இருந்தாப் போதுமா?"

அவ்வளவு நாள் சொன்னதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்ட கூட்டம், அவர் உயிரை விட்டுக் கத்தியபோது ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை. மாமா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு தன் தவளையில் ஏறி, கதவை மூன்று முறை சாத்திவிட்டுக் கிளம்பிப் போனார்.

என் வேலை தப்பியது. சம்பளத்தோடு அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பேச வைக்க வேண்டும் என்று வேண்டுமென்றே ஆரம்பித்தேன்.

"மாமா, எங்க கம்பெனி அடுத்து ஒரு பேட்டரி கார் விடுதாம். கூரை முழுக்கக் கண்ணாடியாம். பட்டனே கிடையாதாம், எல்லாம் டிவி மாதிரி ஒரு திரையிலதானாம். எப்படி இருக்கும்?"

வசவுக்குக் காத்திருந்தேன். அக்காகூட அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நின்றாள்.

"நல்லாத்தான் இருக்கும்" என்றார் மாமா, பல்லிலிருந்து கண்ணை எடுக்காமல். எனக்கு அழுகை வந்துவிட்டது.