சிவப்பு நூல் முடிச்சு

ஹுல்டாவின் கை சும்மா இருந்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. பால் பண்ணையில் வேலை செய்த காலத்தில், ஒரு மாட்டைக் கறந்து முடித்து அடுத்த மாடு வந்து நிற்பதற்குள் மேலங்கிப் பையிலிருந்து நூலையும் ஊசியையும் எடுத்துவிடுவாள். ரொட்டிக்கு வரிசையில் நிற்கும்போதும் பின்னுவாள். புருஷன் கொன்ராடைச் சவப்பெட்டியில் கிடத்தியிருந்த அன்றைக்கும் அவள் கை தன்னையறியாமல் பையைத் துழாவியது. பக்கத்தில் இருந்த ஊர்க்காரி செல்மாதான் ஊசியைப் பிடுங்கித் தன் மடியில் மறைத்துக்கொண்டாள். அந்தக் குரோஷா ஊசி கொன்ராட் செய்து கொடுத்தது. சைக்கிள் சக்கரத்துக் கம்பியை முறித்து, நுனியை அரத்தால் தேய்த்துக் கொக்கி ஆக்கியிருந்தான். தேய்ந்து தேய்ந்து அவள் விரலுக்கென்றே ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

நூலைக் கடையில் காசு கொடுத்து வாங்கலாம் என்பது அவளுக்குத் தோன்றியதே கிடையாது. பழைய ஸ்வெட்டரைப் பிரிப்பாள். நூலை நாற்காலி முதுகில் சுற்றி, நனைத்து, கனத்துக்கு ஒரு கல்லைக் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிடுவாள். சுருக்கம் போனதும் உருண்டை பிடிப்பாள். இலையுதிர்காலம் முடிந்து முதல் பனி விழுவதற்குள் வீட்டில் உள்ளவர்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கிறிஸ்துமஸுக்குத் தேவையானது எல்லாம் தயாராகிவிடும். யாருக்கும் காலை அளந்து பார்த்ததில்லை. வாசலில் கழற்றிப் போட்ட பூட்ஸை ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை மேஜையில் ஆளுக்கொரு கிண்ணம் வைப்பது அவர்கள் வழக்கம். கிண்ணத்தில் இனிப்பு ரொட்டி, கொட்டைகள், அதன் மேல் ஹுல்டா பின்னிய ஜோடி. ஜோடியைச் சேர்த்துச் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டிருப்பாள். யாருடைய கிண்ணமோ அவர்தான் அவிழ்க்க வேண்டும். கத்தரியை எடுத்தால் கையில் அடி விழும். அவிழ்த்த நூலை மரத்தில் கட்ட வேண்டும். மரம் என்றால் என்ன பெரிய மரம், அந்தப் புல்வெளியில் ஊசியிலை மரத்துக்கு எங்கே போக? பஞ்சு சுற்றிய ஒரு பட்ட கிளைதான். முடிச்சை அவிழ்க்கும்வரை கொடுத்தது கொடுத்ததாக ஆகாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சின்ன வயதில் மகள் இர்மா பல்லால் கடித்தெல்லாம் அவிழ்த்திருக்கிறாள்.

அந்த இர்மா இப்போது ஜெர்மனியில் இருக்கிறாள். கஜகஸ்தானில் ஜெர்மன் வம்சத்தவர் வாழ்ந்த அந்த ஊரே, முன்னோர் நாட்டுக்குப் போகிறோம் என்று காலியாகிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. முதல் ஆடு தாண்டிவிட்டால் மந்தை நிற்குமா? ஒரு குடும்பம் போய் எந்த ஊரில் குடியேறியதோ, அதே ஊருக்கே மற்றவர்களும் மூட்டையைக் கட்டினார்கள். பலகை அடித்த ஜன்னல்கள்தான் இங்கே மிச்சம். இர்மாவும் அவள் புருஷன் அர்தூரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது கொன்ராட் பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருந்தான். “அப்பாவுக்குக் கொஞ்சம் தேவலையாகட்டும், ரெண்டு பேரையும் கூப்பிட்டுக்கறோம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்பாவுக்குத் தேவலையாகவில்லை. அவன் போன பிறகு, “பார்க்கிறோம்மா, வீடு சின்னதா இருக்கு” என்றாள். பிறகு அதையும் சொல்வதை நிறுத்திவிட்டாள். வாரத்துக்கொரு தடவை வந்த போன் மாதத்துக்கொரு தடவை ஆகி, கடைசியில் கிறிஸ்துமஸுக்கு ஒரு தடவை என்று வந்து நின்றது. அதுவும் பக்கத்து வீட்டுக் குல்யாஷின் போனுக்குத்தான் வரும். ஹுல்டா அந்த ஒரு போனுக்காகத்தான் மிச்ச வருடத்தைத் தள்ளினாள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது?

போன வருடக் கிறிஸ்துமஸுக்கு இர்மாவுக்கென்று வீட்டுக்குள் போடும் கம்பளிச் செருப்பு ஒரு ஜோடி பின்னி, ஊரை விட்டுப் போன ஒருவர் கையில் கொடுத்தனுப்பியிருந்தாள். கொன்ராடின் பழுப்பு ஸ்வெட்டரைப் பிரித்த நூல். அடிப்பாகம் அவனுடைய கம்பளிப் பூட்ஸை வெட்டித் தைத்தது. அப்பாவின் சூடு மகள் காலில் இருக்கட்டும் என்று நினைத்தாள். போனில் கேட்டதற்கு இர்மா, “போட்டுக்கிட்டேதாம்மா பேசறேன், கழட்டவே மனசு வரலை” என்றாள். அந்த ஒரு வாக்கியத்தை ஹுல்டா வருடம் முழுக்க மென்றுகொண்டிருந்தாள்.

இந்த டிசம்பர் தொடக்கத்தில் ஜெபவீட்டுக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. ஜெர்மனியில் ஊர்க்காரர்கள் குடியேறிய ஊரின் சபையிலிருந்து, பழைய ஊரின் ஏழைகளுக்கென்று திரட்டி அனுப்பிய பழந்துணி. பிரித்துப் பங்கு போட மிச்சமிருந்த பெண்கள் கூடினார்கள். செல்மாதான் தலைமை. செல்மா வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்தால் மழை பெய்யும், அதனால்தான் நம் புல்வெளி இப்படிக் காய்ந்து கிடக்கிறது என்பார்கள்.

செல்மா முதலில் இழுத்தது ஆண்கள் நீச்சலுக்குப் போடும் அரைக்கால் சட்டை.

“இந்தாங்கடி, இதை யாரு புருஷனுக்குக் கொண்டுபோறீங்க? உறைஞ்ச கிணத்துல குதிக்கறதுக்கு வசதியா இருக்கும்.”

“எனக்கு வேணாங்க்கா, எங்க வீட்டு ஆளு அதைத் தொப்பின்னு நினைச்சுத் தலையில மாட்டிக்குவார்” என்றாள் பெர்தா.

ஹுல்டாவும் சிரித்தாள். அடுத்து ஒரு பிளாஸ்டிக் பை வந்தது. செல்மா அதைக் கவிழ்த்தாள். பழுப்பு நிறத்தில் ஒரு ஜோடி கம்பளிச் செருப்பு மேஜையில் விழுந்தது. அடியில் வெட்டித் தைத்த பூட்ஸ் கம்பளி. ஜோடியைச் சேர்த்துக் கட்டிய சிவப்பு நூல். முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது.

செல்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். “அடேயப்பா, இதப் பாருங்கடி! ஜெர்மனிக்காரி கைவேலைன்னா சும்மாவா? என்ன நேர்த்தி! நம்ம ஊர்ல எவளுக்கு இப்படி வரும்?”

“ஆமாங்க்கா, இழை இழையா என்னமா உக்காந்திருக்கு” என்று பெர்தா அவசரமாக ஒத்துப் பாடினாள்.

“ஏய் ஹுல்டா, உனக்குத்தானே எப்பவும் கால் ஜில்லுனு கிடக்கும்? நீ எடுத்துக்க. வேற எவளாவது கையை நீட்டினா வெட்டிடுவேன்.”

ஹுல்டா எழுந்து போய் வாங்கிக்கொண்டாள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “நல்லாத்தான் பின்னியிருக்கா” என்றாள். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

வீட்டுக்கு வரும் வழியில், முகத்தில் அடித்த பனிக்காற்றில், மெதுவாகத்தான் அவளுக்கு உறைத்தது. செல்மா எதையாவது புகழ்ந்து அவள் கேட்டதுண்டா? அந்த ஊரில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓரம் முடிப்பதில் ஒரு பழக்கம் இருந்தது. மாட்டுக் காதில் போட்ட வெட்டு மாதிரி, பார்த்ததும் இன்னார் வீட்டுச் சரக்கு என்று சொல்லிவிடலாம். அவள் போடும் பல்வரிசை ஓரத்தை அங்கே இருந்த ஒவ்வொருத்தியும் தன் குழந்தைகளின் குல்லாயில் பார்த்தவள். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. அத்தனை பேரும் சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள். துக்கத்தைவிட அவமானம்தான் அவளை அதிகம் சுட்டது. பெற்ற மகள் தூக்கிப் போட்டதை ஊரார் பொறுக்கிக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். இதைவிட அவர்கள் சிரித்திருந்தால் தேவலை.

அர்தூர்தான் தெரியாமல் பையைத் தூக்கிப் போட்டிருப்பான் என்று ஒருநாள் நினைத்தாள். வீட்டில் இடமில்லை, எங்கோ அடியில் மாட்டிக்கொண்டிருக்கும் என்று மறுநாள் நினைத்தாள். பெற்ற மனத்துக்குச் சாக்குச் சொல்லவா தெரியாது? ஆனால் எந்தச் சாக்கும் அந்த முடிச்சுக்கு முன்னால் நிற்கவில்லை. பேத்தி லீனாவுக்கு இந்த வருடம் பின்னிக்கொண்டிருந்த வெள்ளைச் சால்வை பாதியில் நின்றது. கொடுத்தனுப்ப இருந்த ஆள் கிளம்பும் நாளும் வந்தது. அவள் வாசல் பக்கமே போகவில்லை.

குல்யாஷ் ஒருநாள் காலையில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கஜக் இனப் பெண்; நோன்பும் தொழுகையும் உள்ள வீடு. ஆனாலும் கிறிஸ்துமஸ் மேஜையில் அவளுக்கும் ஒரு கிண்ணம் உண்டு. ஹுல்டா பின்னிக் கொடுத்த செருப்பைக் குதிகால் தேய்ந்து ஓட்டையாகும்வரை போட்டு, ஓட்டையை வேறு நிற நூலால் அடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டிருப்பவள்.

“என்னடி, கை சும்மா கிடக்கு? செத்துகித்துப் போயிட்டியோன்னு பயந்தே போயிட்டேன்.”

மேஜையில் இருந்த செருப்பைக் குல்யாஷ் பார்த்தாள். எடுத்துத் திருப்பினாள்.

“இது கொன்ராடண்ணன் ஸ்வெட்டர்தானே? போன வருஷம் நீ இதைப் பின்னும்போது நான்தானே எதிர்ல உக்காந்து டீ குடிச்சிட்டிருந்தேன்?”

“பெட்டியில வந்துச்சு.”

“எந்தப் பெட்டியில?”

“ஏழைங்களுக்குன்னு வந்த பெட்டியில.”

குல்யாஷுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் சிவந்தது. “கேளு! போன் வரும்ல, நல்லா நறுக்குன்னு கேளு. ‘உங்கப்பன் உடம்புல கிடந்த நூலுடி இது’ன்னு கேளு. நீ கேக்கலைன்னா நான் கேப்பேன். அவளை இடுப்புல தூக்கி வளர்த்த உரிமை எனக்கும் இருக்கு.”

“நானே கேட்டுக்கறேன்” என்றாள் ஹுல்டா.

நிஜமாகவே கேட்பது என்றுதான் முடிவு செய்திருந்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கிளைக்குப் பஞ்சு சுற்றினாள், கிண்ணங்களை அடுக்கினாள். பொழுது சாய்கிற நேரத்தில் செருப்பு ஜோடியை மேலங்கிக்குள் வைத்துக்கொண்டு குல்யாஷ் வீட்டுக்குப் போனாள். கேட்க வேண்டியதை வழியில் வாய்விட்டே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். குல்யாஷ் மாவுருண்டை பொரித்து, பால் டீ ஊற்றி வைத்திருந்தாள். ஹுல்டா ஒரு வாய்கூடத் தொடவில்லை. செருப்பை மடியில் வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது.

“அம்மா! நல்லாயிருக்கியா? அங்க ரொம்பக் குளிரா?”

அந்தக் குரலைக் கேட்டதும், வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வார்த்தை எங்கோ போய்விட்டது. “இருக்கேன்மா. லீனா எப்படி இருக்கா?”

“நல்லா வளர்ந்துட்டா. அர்தூருக்கு வேலை மாத்திட்டாங்க. இங்க ஒரே அலைச்சல்மா, மூச்சு விட நேரமில்ல.”

குல்யாஷ் எதிரில் நின்று, கேள், கேள் என்று கையை ஆட்டினாள். ஹுல்டா மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“இர்மா, போன வருஷம் செருப்பு அனுப்பினேனே...”

“ஐயோ, அதைச் சொல்லணும்னு நினைச்சேன்! இப்பக்கூடக் காலுல அதுதாம்மா இருக்கு. எவ்வளவு கதகதப்பு தெரியுமா?”

ஹுல்டாவின் விரல்கள் மடியில் இருந்த முடிச்சைத் தடவின. “சிவப்பு நூலு?”

“அதுவா... மரத்துலதாம்மா கட்டினோம். எப்பவும் போல.”

குல்யாஷ் பாய்ந்து போனைப் பிடுங்க வந்தாள். ஹுல்டா அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். மாடு கறந்த கை. குல்யாஷால் அசைக்க முடியவில்லை.

“நல்லதும்மா. தரை ஜில்லுனு இருக்கும், போட்டுக்க” என்றாள் ஹுல்டா. கொஞ்சம் பொறுத்து, “இந்த வருஷம் ஒண்ணும் அனுப்ப முடியலை. விரல் மடங்க மாட்டேங்குது. இனிமே பின்ன முடியாதுன்னு நினைக்கிறேன்” என்றாள்.

“அதனால என்னம்மா? நீ கஷ்டப்படாதே, இங்க எல்லாமே கடையில கிடைக்குது!” என்றாள் இர்மா.

சட்டென்று வந்துவிட்டது அந்தப் பதில். தலைச்சுமையை இறக்கி வைத்தவளின் குரல் அது. போனுக்குள் அவ்வளவு தூரம் தாண்டியும் அந்த நிம்மதி ஹுல்டாவின் காதில் தெளிவாக விழுந்தது. அதற்கப்புறம் இர்மா பேசியது எதுவும் அவள் மனதில் பதியவில்லை. “அடுத்த கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடறேன்மா” என்றது மட்டும் பதிந்தது.

போனை வைத்ததும் குல்யாஷ் பிடித்துக்கொண்டாள். “ஏண்டி இப்படி? பச்சைப் பொய் சொல்றா, மடியில அத்தாட்சியை வச்சுக்கிட்டு நல்லதும்மாங்கறே! ஏன் கேக்கலை?”

“கேட்டா அவளுக்கு மூஞ்சில முழிக்க வெக்கமாயிடும்.”

“ஆகட்டுமே! படட்டும் வெக்கம்!”

“வெக்கப்பட்டா, அடுத்த வருஷம் போன் பண்ண மாட்டா.”

குல்யாஷ் திரும்பிக்கொண்டு, ஆறிப்போன டீயைக் கொட்டிவிட்டு வேறு ஊற்றினாள்.

ஹுல்டா செருப்பை எடுத்து, நகத்தால் நெருடி நெருடி அந்தச் சிவப்பு முடிச்சைத் தானே அவிழ்த்தாள். பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கால்களை நுழைத்தாள். இர்மாவுக்கு அப்பனைப் போலப் பெரிய பாதம். பார்த்துப் பார்த்து அந்த அளவுக்குத்தான் பின்னியிருந்தாள். ஹுல்டாவின் பாதத்துக்குப் பின்னால் இன்னும் இரண்டு விரல் இடம் காலியாகக் கிடந்தது.