அம்மன் பார்வைக்கு ஒரு கொட்டகை

லாய் யூக்-சானைக் கட்டடக் கலைஞர் என்று எந்தப் பத்திரிகையும் எழுதப் போவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன். எங்கள் தீவில் கடல் அம்மன் டின் ஹாவின் பிறந்தநாளுக்கு ஐந்து நாள் இசைக்கூத்து நடக்கும். அதற்கான மூங்கில் கொட்டகையைப் பத்தொன்பது வருஷமாக அவள்தான் கட்டுகிறாள். வரைபடம் கிடையாது, ஆணி கிடையாது. ஆயிரம் பேர் உட்காரலாம்.

முதலில் கோயிலுக்குள் வந்து சிலையின் கண் உயரத்தை ஒரு கழியில் குறித்துக்கொள்வாள். அந்தக் கண்ணுக்கும் எதிரே உள்ள மேடைக்கும் நடுவே எதுவும் மறைக்கக் கூடாது. கூத்து அம்மனுக்குத்தான்; நாங்களும் கூட உட்கார்ந்து பார்க்கிறோம், அவ்வளவே.

போன வருஷம் அவள் குறித்துக்கொண்டு போன பிறகு, சிலைக்குப் புதுப் பளிங்குப் பீடம் வைத்தோம். ஒன்றரை முழம் உயர்ந்துவிட்டது. அவளிடம் சொல்ல விழாத் தலைவர் ஃபுங் மறந்தார். பூசாரி நானும் மறந்தேன், வெட்கக்கேடு! கூத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் சிலையருகே ஏறிப் பார்த்தவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"கோயில் பக்கத்துக் கூரை விளிம்பு மறைக்குது. அஞ்சு நாளும் அம்மா நடிகருங்க செருப்பைத்தான் பார்ப்பா!"

"அம்மா கோவிச்சுக்க மாட்டா, விடு யூக்-சான்," என்றார் ஃபுங்.

"அதை அம்மாகிட்டயே கேளுங்க."

சிலையைப் பழையபடி இறக்கலாமா என்று, அம்மனிடம் குறி கேட்கும் பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டையும் வீசிக் கேட்டேன். மூன்று தடவையும் கூடாது என்றே விழுந்தது.

"முடியாட்டி சொல்லு, அக்கரையிலேருந்து வேற ஆளக் கூப்பிடுறேன்," என்றார் தலைவர். தப்பு எங்களுடையது, பேச்சு அவருடையது. எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

"என் கொட்டகைல வேற கையா? தள்ளுங்க!"

கோயில் பக்கத்துத் தூண் ஒவ்வொன்றோடும் ஒரு நீள மூங்கிலைச் சேர்த்துக் கட்டினாள். பிறகு பழைய கட்டுகளை அவிழ்த்து, பதினான்கு பேர் கயிறு பிடிக்க, அவள் குரல் கொடுக்கக் கொடுக்க, கூரை விளிம்பை விரல் விரலாக மேலே ஏற்றினார்கள். மறுநாள் மதியத்துக்குள் முடிந்தது. கூரையில் வேய்ந்த ஒரு தகரம்கூட நழுவவில்லை. சிலையருகே நானே ஏறிப் பார்த்தேன். மேடை முழுதாகத் தெரிந்தது. உடம்பு சிலிர்த்துப் போனது.

முதல் நாள் கூத்தில் தூறல் விழுந்தது. உயர்த்திய விளிம்புக்கு அடியில் சாரல் புகுந்து, கடைசி வரிசையில் அம்மனுக்கு அருகே உட்கார்ந்திருந்த விழாக் குழுவை நனைத்தது.

"யூக்-சான், என் முதுகெல்லாம் ஈரம்! என்ன கொட்டகை கட்டியிருக்க?" என்று கத்தினார் ஃபுங்.

அவள் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்களுக்குன்னு யாரு கட்டினா, தலைவரே?"