அந்தோனியின் கட்டிலுக்குக் கீழே

குடிக்கவே தெரியாத அந்தோனியைக் குடிகாரன் ஆக்கியவன் நான்தான். டோர்ட்மண்ட் அகதி விடுதியில் இருவருக்கும் ஒரே அறை. ஞாயிறுகளில் எங்கள் அறையில் எல்லோரும் கூட, அவர்தான் செபம் சொல்லுவார்.

பியருக்குப் பேர்போன நாட்டில் இருந்துகொண்டு, எனக்கு யாழ்ப்பாணத்தில் குடித்த கறுப்பு ஸ்டவுட் பியர்தான் வேண்டியிருந்தது. ஊரில் ரசாயனம் படிப்பித்த மாஸ்டர் என்ற திமிரில், வறுத்த பார்லியும் கருக்கிய சீனியும் ஈஸ்டும் சேர்த்து நானே காய்ச்சினேன். விடுதியில் மது தடை. யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்று போத்தல்களை அந்தோனியின் கட்டிலுக்குக் கீழே ஒளித்தேன்.

சீனி கூடி, போத்தல்களுக்குள் வாயு முட்டிவிட்டது. செபத்தின் நடுவே போத்தல்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. முழந்தாளில் இருந்தவர்களைக் கறுப்பு நுரை நனைத்தது. எல்லோரும் அந்தோனியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு ஒருவரும் வரவில்லை. வெட்கம் தாங்காமல் சமையலறையில் எல்லோர் முன்னும் உண்மையைச் சொன்னேன்.

"மாஸ்டருக்குத் தங்கமான மனசு. அந்தாளைக் காப்பாத்தப் பழியைத் தன்ர தலையில போடுறார்," என்றார் ஒருவர். "இனிச் செபத்தை நீங்களே சொல்லுங்கோ," என்றார் இன்னொருவர்.

அந்தோனியிடம் மன்னிப்புக் கேட்டு, உண்மையை அவர்களிடம் இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கவா என்றேன்.

"வேண்டாம் மாஸ்டர், வாயைத் திறவாதையுங்கோ! இன்னொருக்காச் சொன்னா உங்களைப் புனிதராக்கிக் கோயில்ல சுருவம் வைச்சுப்போடுவாங்கள்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். செபம் சொல்ல அவரைப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.