தட்டு காலி

ஆர்டித் கோவாக்கைப் பிடிக்காதவர்கள் எங்கள் தொழிற்சாலையில் நிறையப் பேர் உண்டு. பல நாட்களில் நானும் அவர்களில் ஒருவன். பதினோரு வருஷமாகப் பக்கத்து மேசையில் நின்றவன், லைல் நான் சொல்கிறேன், அவள் பக்கத்தில் நிற்பது பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருப்பது போலத்தான். பேச மாட்டாள். உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பாள், அதுவும் அவள் அப்பா ஸ்லோவாக்கியாவிலிருந்து கொண்டுவந்த பாஷையில். மதியம் உப்பு பிஸ்கட்டில் கடுகு விழுதைத் தடவி நின்றபடியே தின்பாள். இருபத்தேழு வருஷத்தில் லீவு போட்டது ஒரே ஒரு முறை. அவள் புருஷன் டார்வின், கவுண்டி நிர்வாகத்துக்காகப் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். அந்த லாரி பள்ளத்தில் கவிழ்ந்த அன்றைக்கு மட்டும்தான் அவள் வரவில்லை.

நாங்கள் செய்வது பிரேக் பெடல். ஒரு பெட்டிக்கு இருபத்துநான்கு. ஒவ்வொரு பெடலையும் ஒரு இரும்புப் பின் தாங்கிப் பிடிக்கும், அந்தப் பின் நழுவாமல் விரல் நகமளவு கிளிப் ஒன்று பிடித்துக்கொள்ளும். பெட்டிக்கு ஒரு தட்டு, தட்டில் எண்ணி இருபத்துநான்கு கிளிப். பெட்டி நிறைந்ததும் மேஸ்திரி "தட்டு?" என்று கத்துவான், நாம் "காலி" என்று கத்த வேண்டும். தட்டில் ஒன்று மிஞ்சிக் கிடந்தால் ஏதோ ஒரு பெடலில் கிளிப் இல்லை என்று அர்த்தம். உடனே பெட்டியைக் கொட்டித் தேட வேண்டும். கிளிப் இல்லாத பெடல் அன்றைக்கே ஒன்றும் செய்துவிடாது, அதுதான் அதில் இருக்கிற பயங்கரம். அந்தப் பின் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து, யாரோ ஒருத்தர் சிக்னலில் காலை வைத்து அழுத்துவார், பெடல் தொளதொளவென்று பக்கவாட்டில் சாயும்.

கார் கம்பெனிக்காரர்கள் எங்களுக்கு வருஷா வருஷம் மார்க் போடுவார்கள். எத்தனை பெடல் அனுப்பினோம், எத்தனை சொத்தை, எத்தனை நாள் தாமதம், எல்லாம் அதில் இருக்கும். நன்றாக இருந்தால் பச்சை, சுமார் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. போன வருஷம் சிவப்பு வாங்கினோம். இந்த வருஷமும் சிவப்பு என்றால் புது மாடலுக்கான ஆர்டர் வேறு ஊருக்குப் போய்விடும், எங்கள் இருநூற்றுப் பத்துப் பேர் கதி அதோகதி. டிசம்பர் நடுவில் கணக்கு இப்படி நின்றது: பதினோரு லட்சம் பெடல் போயிருக்கிறது, சொத்தை பூஜ்யம். கேன்டீன் சுவரில் அந்தப் பூஜ்யத்தை ஆள் உயரத்துக்கு எழுதி ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்தாலே எனக்குச் சோறு இறங்காது.

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முந்தைய ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த கையோடு ஆர்டித் என் வீட்டுக்கு வந்தாள். அவள் என் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேசையில் ஒரு மாத்திரை டப்பாவைக் கவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஒரு கிளிப் விழுந்தது. நேற்றுத் துணி காயப்போடும் மெஷினுக்குள் கிணிகிணியென்று சத்தம் கேட்டதாம். காசு என்று நினைத்துக் கையை விட்டிருக்கிறாள். பேன்ட்டின் மடிப்புக்குள் விழுந்திருக்க வேண்டும் என்றாள். தட்டு காலியாகத்தானே இருந்தது, அவளும் காலி என்றுதானே கத்தினாள். ஐந்து நாள் வேலை, இரண்டாயிரத்து நானூறு பெடல். அதில் எது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

நான் பயந்துபோனேன். அவளுக்காக இல்லை. அக்டோபர் பதினாறாம் தேதி வண்டி நிறுத்துமிடத்தில் என் பூட்ஸின் அடியில் ஏதோ உரசியது. குனிந்து பிடுங்கினால் ஒரு கிளிப். தரையில் கிடந்ததை மிதித்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாக்கடைக் கம்பிக்குள் போட்டுவிட்டேன். தரையில் கிடந்ததாகவும் இருக்கலாம்தான், என் தட்டிலிருந்து தவறியதாகவும் இருக்கலாம். ஆனால் அன்றையிலிருந்து ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடிப் போய்ப் பார்ப்பேன். என் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை.

அதனால் ஆர்டித்திடம் நான் பேசியது முழுக்க என் பயம் பேசிய பேச்சு. ஒன்றுமே இருக்காது, பழைய கிளிப்பாக இருக்கும் என்றேன். வெள்ளிக்கிழமை வருஷக் கூட்டம், அதுவரைக்குமாவது வாயைத் திறக்காதே என்றேன். அவள் கேட்கிற மாதிரி தெரியவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு ஒரு தந்திரத்தையும் சொன்னேன்.

"ஜனவரி ரெண்டாம் தேதி போய்ச் சொல்லு. அடுத்த வருஷக் கணக்குல விழும். இந்த வருஷம் பூஜ்யம் பூஜ்யமாவே இருக்கும்."

அவள் கிளிப்பைப் பொறுக்கி டப்பாவுக்குள் போட்டாள்.

"அந்தப் பெடலுக்கு ஜனவரி எது, டிசம்பர் எதுன்னு தெரியுமா லைல்? ராத்திரி பூரா நான் கண்ண மூடல. மூடினா யாரோ பிரேக்க மிதிக்கிறாங்க."

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, ஷிஃப்ட் தொடங்கும் முன்பே, அவள் நேராக மேனேஜர் ப்ரென்னமனின் அறைக்குப் போனாள். ஏழு மணிக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. நாற்பது மைல் தள்ளி கார் கம்பெனியின் கிடங்கில் போன வாரப் பெட்டிகள் இன்னும் இருந்தன. கையில் டார்ச் விளக்கோடு ஆறு பேரை அனுப்பி, ஒவ்வொரு பெடலாகப் பார்க்கச் சொன்னார் ப்ரென்னமன்.

அந்த வாரம் அவளை என்ன பாடு படுத்தினார்கள்! கேன்டீனில் அவள் போய் நின்ற மேசையிலிருந்து எழுந்து போனார்கள். செவ்வாய்க்கிழமை அவள் சாப்பாட்டுப் பையைத் திறந்தால் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி கிளிப். பெயின்ட் பிரிவுக்காரன் ஒருத்தன், நீ பெரிய மகராசி, எங்க புள்ளைங்களுக்கும் நீயே சோறு போடு என்று முகத்துக்கு நேராகவே சொன்னான். அவள் எண்ணுவதை மட்டும் இரண்டு முறை எண்ண ஆரம்பித்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன். அவளுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் என் குரலே என்னைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயம். தூ, என்ன ஜென்மம் நான்.

வியாழக்கிழமை மதியம் போன் வந்தது. கிடைத்துவிட்டது. எழுபத்தொன்றாவது பெட்டியில், கிளிப் இல்லாத பெடல் ஒன்று.

வெள்ளிக்கிழமை வருஷக் கூட்டம். மிளகாய் போட்ட பீன்ஸ் குழம்பும் சோள ரொட்டியும் பெரிய பாத்திரங்களில் ஆவி பறக்க இருந்தன. ப்ரென்னமன் கையில் காகிதத்தோடு நின்று வாசித்தார். பதினோரு லட்சத்து நாற்பதாயிரம் பெடல். ஒரு லாரிகூடத் தாமதம் இல்லை. காரில் ஏறும் முன்பு நாமே கண்டுபிடித்துச் சொன்னதால் அந்த ஒன்றைச் சொத்தையாக எண்ண மாட்டோம் என்று கார் கம்பெனி எழுதியிருக்கிறது. ஆகவே பூஜ்யம் பூஜ்யம்தான். பத்தொன்பது வருஷத்தில் இதுதான் முதல் பச்சை. புது மாடல் பெடலும் நமக்கே.

கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி கைதட்டல். ஆர்டித் பெயரைச் சொன்னதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கிளிப்பை அள்ளிப் பையில் போட்டவர்களும் நின்றார்கள், பெயின்ட் பிரிவுக்காரன் விசில்கூட அடித்தான். அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, தொடாத கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. சந்தோஷமாயிரேன் என்று குனிந்து சொன்னேன்.

"சந்தோஷமா? நாலு நாளா செத்துப் பொழைச்சேன் லைல். கிடங்குலயே இருந்துச்சு, தப்பிச்சேன். கார்ல ஏறிப் போயிருந்தா, அப்பவும் வாயத் திறந்திருப்பேனான்னு எனக்கே தெரியல."

இதை அவள் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அவளுக்கு எதுவும் தெரியாது. தெரிந்து சொல்லியிருந்தால்கூட நான் சமாளித்திருப்பேன்.

கைதட்டல் ஓய்ந்தது. ப்ரென்னமன் காகிதத்தை மடித்துக்கொண்டே, ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பதைப் போல, வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். யாரும் எப்போதும் பதில் சொல்லாத கேள்வி அது. பாதிப் பேர் ஏற்கெனவே குழம்புக்கு வரிசையில் போய் நின்றுவிட்டார்கள்.

நான் எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அக்டோபர் பதினாறு, காலை ஷிஃப்ட், மூன்றாவது மேசை, என்னுடையது என்றேன். பூட்ஸ், கிளிப், சாக்கடை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த ஹாலில் கரண்டிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. பெயின்ட் பிரிவுக்காரன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். ஆர்டித் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கை என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டது, உட்கார் என்கிறாளா, சொல் என்கிறாளா என்று புரியவில்லை.

ப்ரென்னமனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. மெதுவாகத்தான் கேட்டார்.

"அக்டோபர் பெட்டியா? அது இப்போ எந்தக் கிடங்குல இருக்கு லைல்?"

"கிடங்குல இல்ல," என்றேன். "ரோட்டுல இருக்கு."