பச்சை என்று சொல்லாதவள்

பச்சை மிளகாயைச் சின்னப்பிள்ளை 'பழுக்காத மிளகாய்' என்பாள். பச்சரிசி அவளுக்குப் 'புழுக்காத அரிசி'. கட்டியவன் பேர் பச்சையப்பன். புருஷன் பேரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்தார்கள். வில்லியனூர்ப் பக்கம் வாழ வந்து பதினெட்டு வருஷம், அந்தப் பேரை அவள் நாக்கில் வைத்ததில்லை. அவன் மட்டும் அவள் பேரைச் சொன்னானா என்ன? 'இந்தாமே' என்பான். அதுதான் அவளுக்குப் பேர். அவள் பேரைச் சொன்னால் யார் ஆயுசு குறையுமோ, அதை யாரும் சொல்லித் தரவில்லை.

கிருமாம்பாக்கத்தில் பிறந்தவள். எழுத்துத் தெரியாது. ஆனால் நாற்று நடும்போது முதலில் எடுத்துப் பாடுகிறவள் அவள்தான். இருக்கிற பாட்டு அலுத்துப் போனால் சேற்றில் நின்றபடியே புதுசாய்க் கட்டுவாள். பச்சையப்பன் புதுச்சேரிக்குப் பஞ்சாலை வேலைக்குப் போய் வந்தான். விடியுமுன் ஆலைச் சங்குக்குப் போவான், பிள்ளைகள் தூங்கியபின் வருவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பெண் ஆண்டாள் அவனைப் பார்த்து, "இது யாரும்மா?" என்று கேட்டது. அன்றைக்குச் சின்னப்பிள்ளை ஒரு பாட்டுக் கட்டினாள்:

சங்கு ஊதும் முன்னே போனா சாமி முகம் பாக்கவில்ல
சங்கு ஊதித் திரும்பி வந்தா புள்ள முகம் பாக்கவில்ல

இப்படியே பதினொரு கண்ணி. அவன் கேட்டுவிட்டு இன்னொரு தடவை பாடச் சொன்னான். புருஷன் ஆசையாய்க் கேட்கிறான் என்று பூரித்துப் போனாள், பைத்தியக்காரி.

எட்டு மணி நேர வேலை கேட்டு ஆலைத் தொழிலாளிகள் சங்கம் கட்டிய காலம் அது. அவன் ஆலைக்குக் கொண்டுபோன பாட்டு எல்லார் வாயிலும் ஏறிவிட்டது. வெற்றிலை வாங்கப் போனவளை நிறுத்தி, கடைக்கார ஹபீப் முகமது பாய் ஒரு சின்னப் புத்தகத்தைக் காட்டினார்.

"உங்க வூட்டுக்காரரு கவிராயரு ஆயிட்டாரும்மா."

அட்டையைப் படித்தார்: ஆலைத் தொழிலாளி பச்சையப்பன் இயற்றியது. உள்ளே இருந்ததையும் படித்துக் காட்டினார், பன்னிரண்டு கண்ணி. கடைசிக் கண்ணி, 'பஞ்சுத் தூசி தின்னவன் நான், பச்சையப்பன் சொன்ன பாட்டு' என்று முடிந்தது. அது அவள் கட்டியதில்லை. அவளால் பாடவே முடியாத கண்ணி அது.

வீட்டில் கேட்டாள். பொம்பளை பேரை அட்டையில் போட்டால் ஊர் சிரிக்கும் என்றான். ஆலையில் இருமுகிறவன் நானா நீயா என்றான். ஒரே வீட்டுக்குள் உன்னுது என்ன, என்னுது என்ன என்றான். நாங்கள் நெய்கிற துணியில் முதலாளி முத்திரை குத்துகிறான் என்று சங்கக் கூட்டங்களில் கொதிக்கிற வாய்தான் இதையும் சொன்னது.

அடுத்த மாதம் வில்லியனூர்த் தேரடியில் கூட்டம் போட்டார்கள். பெண்டுகளும் வரட்டும் என்றார்கள். சங்கத்துச் செல்லப்பன் பச்சையப்பனுக்கு மாலை போட்டு, பாட்டைக் கவிராயர் சம்சாரமே பாடும் என்றார். சின்னப்பிள்ளை எழுந்து பாடினாள். தன்னுடைய பதினொரு கண்ணியும் முடிந்தது. பன்னிரண்டாவதில் 'பஞ்சுத் தூசி தின்னவன் நான்' வரைக்கும் வந்து நின்றாள். கூட்டம் சிரித்தது. புருஷன் பேராச்சே, எப்படிச் சொல்லுவாள் என்று பெண்டுகள் பக்கத்திலும் சிரிப்பு. அந்த இடத்தை நாங்கள் சொல்லிக்கொள்கிறோம், நீ உட்காரம்மா என்றார் செல்லப்பன்.

"பச்சையப்பன்" என்றாள் அவள்.

பக்கத்தில் இருந்தவள் பதறி, தன் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பதினெட்டு வருசமா சொல்லாத பேரச் சொல்லிட்டேன். பாட்டு எம் பாட்டு. கட்டினவ பேரு இன்னான்னு அவரு வாயால சொல்லட்டும். அப்பறம் மிச்சத்தப் பாடறேன்."

பச்சையப்பன் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இந்தாமே, வூட்டுல பேசிக்கலாம் என்று முனகினான். வீட்டில் பேசிக் கண்டது என்ன? அவள் நகரவில்லை. பேரு தானே, சொல்லித் தொலையேன் என்று கூட வேலை செய்கிறவர்களே அவனை அதட்டினார்கள். கடைசியில் உதடு அசைந்தது.

"சின்னப்பிள்ளை."

பக்கத்தில் நின்ற செல்லப்பனுக்குக் கேட்டிருக்கும், அவ்வளவுதான்.

அவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல."