நெல் ஊறும் தொட்டி

உத்திரமேரூர்ப் பேருந்தில் யாரோ ஏற்றிய விதைநெல் மூட்டையின் புளித்த ஈர வாடை, இன்று வீட்டுமனைகளாகிவிட்ட எங்கள் ஊர் அரிசி ஆலைக்கு என்னை இழுத்துப்போனது. இரண்டு வயது நினைவில் நிற்காது என்று, வீட்டில் முதலில் படித்தவளான நானும் படித்திருக்கிறேன்; ஆனாலும் எனக்கு நிற்கிறது. ஆலைக் களத்தில் காயும் நெல்லைக் காலால் கிளறிவிடும் அம்மா, நான் எங்கும் ஓடிவிடாமலிருக்க, நெல் ஊறவைக்கும் காலித் தொட்டிக்குள் என்னை இறக்கிவிடுவாள். சுற்றிலும் சிமெண்ட் சுவர், அதில் எந்திரத்தின் அதிர்வு, விளிம்பில் அவ்வப்போது எட்டிப்பார்க்கும் அம்மா முகம். முகம் மறைந்தால் எனக்கு அம்மாவே இல்லை.

ஒருநாள் யாரோ தொட்டிக் குழாயைத் திறந்துவிட, தண்ணீர் என் முழங்காலுக்கு ஏறியது. வீறிட்டேன்.

"யோவ் மேஸ்திரி, கொயந்த உள்ள கீது, மூடுய்யா!" அம்மாவின் குரல்.

"நெல்லு ஊற வெக்கிற எடத்துல புள்ளையவா ஊற வெச்சிக்கினு கீற?" என்று கத்தினார் மேஸ்திரி.

அம்மா முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. காணாதபோதும் அம்மா எங்கோ இருக்கிறாள் என்று அன்று தெரிந்துகொண்டேன். எங்கோ இருப்பவள் வராமலும் போகலாம் என்பதையும்.