திலகவதியின் ரத்த ஓட்டப் பாடம்

ஆலங்குடியில் காதுகுத்தோ வீடு குடிபோவதோ, அழைப்பிதழ் வீடியோ திலகவதி கைவண்ணம்தான். விசேஷ வீட்டார் படம் பாய்ந்து வரும், ரோஜா இதழ் கொட்டும், நாதஸ்வரம் முழங்கும். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, ரத்தப் பரிசோதனை நிலைய வேலைக்கான ஆன்லைன் படிப்பில் சேர்ந்தாள். படிக்க வேண்டிய பாடத்தையும் அதே கையால்தான் வீடியோவாகச் செய்தாள்.

அந்தப் படிப்பில் மூன்று பேருக்கு ஒரு குழு. வாய்மொழித் தேர்வில் சார் யாரை வேண்டுமானாலும் கேட்பார். ஒருவர் சொல்லும் பதில்தான் மூவருக்கும் மார்க். திலகவதியோடு குளத்தூர் வைஷ்ணவியும், ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளாண்ட் வேலை பார்க்கும் ஜஸ்டினும் இருந்தார்கள்.

ரத்த ஓட்டப் பாடத்துக்குக் குழுவுக்காக அவள் செய்த வீடியோவில் இதயம் சுழன்றது, எழுத்து ஓடியது, பூவும் விழுந்தது. இருவரும் "சூப்பர்க்கா" என்று போட்டார்கள். விசேஷ வீடியோவைக் குறை சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. சாப்பாட்டில் உப்பில்லை என்று பந்தியில் சொல்வது போல அது.

மாதிரித் தேர்வில் ஜஸ்டின் திருதிருவென்று விழித்தான். அவனை வேறு குழுவுக்கு மாற்றச் சொல்லலாம் என்றாள் வைஷ்ணவி. திலகவதிக்கும் கோபம்தான். கண் வலிக்கச் செய்த வீடியோ அல்லவா? ஆனாலும் அவனிடமே கேட்டுவிடலாம் என்று போன் போட்டாள்.

"பாக்காம இல்லக்கா. எழுத்தப் படிக்கிறதா, நீங்க பேசுறதக் கேக்குறதா, பூ விழுகுறதப் பாக்குறதான்னு தெரியல. எல்லாத்தையும் புடிக்கப் போயி ஒண்ணும் நிக்கல."

சுருக்கென்று இருந்தது. வைஷ்ணவியிடம் கேட்டாள். அவளும் தயங்கித் தயங்கி, சத்தத்தை அணைத்துவிட்டுப் புத்தகத்தைத்தான் படித்ததாகச் சொன்னாள்.

மறுநாள் வெள்ளைத்தாளில் பென்சிலால் ஓர் இதயம் வரைந்து போட்டோ அனுப்பினாள். நான்கு அறை, நான்கு அம்பு, அவ்வளவுதான். மூவரும் அழைப்பில் சேர்ந்தார்கள். அவள் ஒரு கட்டத்தைச் சொல்லி நிறுத்துவாள். ஜஸ்டின் அதைத் திருப்பிச் சொல்வான். தப்பாகச் சொன்னால் வைஷ்ணவி திருத்துவாள். அப்படித் திருத்தப்போன இடத்தில், படத்தில் நமக்கு இடப்பக்கம் தெரிவதுதான் இதயத்தின் வலப்பக்கம் என்பது தனக்கே தெரியவில்லை என்று வைஷ்ணவி கண்டுகொண்டாள். எடுத்துச் சொன்னவன் ஜஸ்டின்.

தேர்வில் சார் கூப்பிட்டது ஜஸ்டினைத்தான். அவன் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தான். "கெட்ட ரத்தம் வலப்பக்கம் வருது சார். அங்கிருந்து நுரையீரலுக்குப் போயி, சுத்தமாகி, இங்கிட்டு இடப்பக்கம் வந்து, ஒடம்பு பூராவும் போகுது." அந்த "இங்கிட்டு" அழைப்பில் அவள் பாடம் சொன்னபடியே வந்தது. திலகவதிக்குச் சந்தோஷத்தில் அழுகை முட்டியது. தான் சொன்னது ஒருவனுக்குப் புரிந்திருக்கிறதே.

முழு மார்க் போட்ட சார், அடுத்த தாளுக்குக் குழுவை மாற்ற வேண்டுமானால் இப்போதே சொல்லலாம் என்றார். மற்ற இருவரும் வாய் திறப்பதற்குள் வைஷ்ணவி முந்திக்கொண்டாள்.

"வேணாம் சார். ஜஸ்டின் எங்க கூடவே இருக்கட்டும்."